மூச்சுக் கருவியில் காற்றுக் கசிவு மணி அடித்தால்

தம்பதியர் இருவரும் சேர்ந்து படிக்க

பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. கூடவே ஒரு சிறு கருவியும் வந்திருக்கிறது. வெண்டிலேட்டர் என்று அதற்குப் பெயர். தமிழில் செயற்கை சுவாசக் கருவி என்போம். அதிலிருந்து நெளிநெளியான ஒரு குழாய் புறப்பட்டு, அவர் தொண்டையில் துளையிட்டுப் போட்டிருக்கும் டியூபில் வந்து முடிகிறது. வீட்டுக்காரர் ஒரகடத்துக்கு நைட் ஷிப்ட் போயிருக்கிறார். இரவு 2 மணி. கருவி ‘கீ, கீ’ என்று கத்த ஆரம்பிக்கிறது. சிவப்பு விளக்கு மின்னுகிறது. மருமகள் தனியாக நிற்கிறாள்.

அவள் முதலில் எதைப் பார்க்க வேண்டும், கருவியையா, மாமனாரையா? மாமனாரைத்தான் பார்க்க வேண்டும். கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் இருவரும் மனதில் ஏற்றிக்கொண்டால் இந்தப் பிரசுரத்தில் பாதியைப் படித்தது போல.

நம் பகுதிக்கு இது ஏன் என்று கேட்கலாம். பென்னலூரை ஒட்டிப் போகும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் எவ்வளவு வண்டி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டால் நெஞ்சை விரிக்கும் தசைகளும் செயலற்றுப் போகலாம். வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகையிலோ பீடிப் புகையிலோ நுரையீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். பிறவியிலேயே தசை பலவீனமான பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பு இப்படிப்பட்டவர்கள் கருவியோடு வீடு திரும்பியது அபூர்வம். இப்போது கருவி சிறுத்துவிட்டது, பேட்டரியிலும் ஓடுகிறது. ஆகவே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா செய்த வேலை வீட்டில் கணவன் மனைவி கைக்கு வந்துவிடுகிறது.

கருவி எதைக் கணக்குப் பார்க்கிறது?

சைக்கிள் பம்பு டியூபுக்குள் காற்றைத் தள்ளுவது போல இந்தக் கருவி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகிறது. தள்ளிய காற்று நெஞ்சை விரித்துவிட்டுத் திரும்பி வருகிறது. எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று கருவி ஒவ்வொரு மூச்சுக்கும் கணக்குப் பார்க்கும். வளர்ந்த ஒருவருக்கு 450 மில்லி போய் 430 மில்லி திரும்பினால் பரவாயில்லை. 450 போய் 200தான் திரும்பியது என்றால் மீதி எங்கே? வழியில் எங்கோ கொட்டிப் போகிறது. அதைத்தான் அந்த மணி சொல்கிறது. வீட்டுக்குத் தரும் கருவிகள் பலவற்றில் ஒரே குழாய்தான் இருக்கும். அவை திரும்பும் காற்றை நேராக அளக்காமல் கணித்துக்கொள்கின்றன. ஆனாலும் தத்துவம் ஒன்றுதான்.

கம்பெனியில் ஏர் லைன் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். லைனில் எங்காவது லீக் என்றால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், ஆனால் பிரஷர் ஏறாது. இதுவும் அப்படித்தான். கசிவு கொஞ்சமாக இருந்தால் கருவி வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்கும். அப்போது அதன் இரைச்சல் மாறும். பழகிய காதுக்கு மணி அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கசிவு அளவு மீறினால் சரிக்கட்ட முடியாது, அப்போது மணி அடிக்கும்.

கசிவு இன்னொரு கோளாறும் செய்யும். பல கருவிகள் நோயாளி தானாக மூச்சு இழுக்கிறாரா என்று கவனித்து, இழுக்கும்போது உதவுகின்றன. காற்று கசிந்தால், அவர்தான் இழுக்கிறார் என்று கருவி ஏமாந்துபோய், அடுத்தடுத்துக் காற்றைத் தள்ளும். அவரும் திணறுவார். ‘மிஷினோட சண்டை போடறார்’ என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். சண்டை அவருடையதல்ல, ஓட்டையுடையது.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்தம் குறைவு என்று மணி அடித்தால் எங்கோ ஓட்டை, அல்லது குழாய் கழன்றிருக்கிறது. அழுத்தம் அதிகம் என்று அடித்தால் எங்கோ அடைப்பு: சளி கட்டியிருக்கும், குழாய் மடங்கியிருக்கும், அல்லது அவர் இருமுகிறார். திரையில் வருவது பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துதான். கருவி தந்தவர்களிடம் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தமிழில் அர்த்தம் எழுதி வாங்கி, கருவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஒரு பழைய கதை

1928-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய இரும்புப் பீப்பாய் வந்தது. இளம்பிள்ளை வாதம் வந்து மூச்சுத் தசை செயலிழந்தவர்களை அதற்குள் படுக்க வைத்து, தலையை மட்டும் வெளியே விடுவார்கள். கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. உள்ளே காற்றை உறிஞ்சினால் நெஞ்சு விரியும், மூச்சு உள்ளே போகும். அந்தக் கழுத்துப் பட்டை சரியாகப் பொருந்தாவிட்டால் அவ்வளவு பெரிய இயந்திரமும் வீண். அன்றைக்கும் பிரச்சினை கசிவுதான்.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. இரும்பு நுரையீரல் போதவில்லை. பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் வேறு வழி கண்டார். தொண்டையில் துளையிட்டு டியூப் போட்டார். டியூபைச் சுற்றி ஊதும் சிறு ரப்பர் வளையம் இருந்ததால் காற்று பக்கவாட்டில் கசியவில்லை. பிறகு ஒரு ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தார். முதலில் பிழைத்தது 12 வயதுச் சிறுமி. பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் மாதக்கணக்கில் பை அழுத்தினார்கள். மூச்சுத் திணறிய நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, சாவு பாதிக்கும் கீழே குறைந்தது.

(அந்தக் காட்டு வகைப் போலியோ நம் நாட்டில் கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். சொட்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.)

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம் என்றால், உங்கள் வீட்டுக் கருவி செய்யும் வேலையை மனிதக் கையும் ஒரு பையும் செய்ய முடியும். கருவி நின்றுபோனால் எல்லாம் போயிற்று என்று பதற வேண்டாம். கட்டில் தலைமாட்டில் பை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மணி அடித்தது, இனி?

மருமகள் மாமனாரின் முகத்தைப் பார்க்கிறாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறதா? கண்ணால் பதில் சொல்கிறாரா? விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருந்தால் அதில் எண் எவ்வளவு? டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண் அல்ல.

நெஞ்சு ஏறவில்லை, அல்லது உதடு நீலம், அல்லது ஆள் திணறுகிறார் என்றால், ஓட்டையைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. குழாயைத் தொண்டை டியூபிலிருந்து கழற்றிவிட்டு, பையை மாட்டி அழுத்த வேண்டும். கழற்றும்போது ஒரு கை டியூபின் பட்டையைக் கழுத்தோடு பிடித்திருக்கட்டும். இல்லாவிட்டால் டியூபே கையோடு வந்துவிடும். தொண்டை டியூபின் வாய் 15 மில்லிமீட்டர் என்பது உலகம் முழுக்க ஒரே அளவு. எந்தக் கம்பெனிப் பையும் அதில் பொருந்தும். பை அழுத்திக்கொண்டே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு 108-க்குப் போன் போடச் சொல்ல வேண்டும்.

நெஞ்சு நன்றாக ஏறி இறங்குகிறது, முகம் தெளிவாக இருக்கிறது என்றால் அவகாசம் இருக்கிறது. இப்போது கசிவைத் தேடலாம்.

மணியை நிறுத்தும் பொத்தானை அமுக்கினால் சத்தம் ஒன்றிரண்டு நிமிடம் அடங்கும். அவ்வளவுதான். கோளாறு அடங்கவில்லை. சத்தம் நின்றதும் ‘சரியாப் போச்சு’ என்று போய்ப் படுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

எங்கே தேடுவது?

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்கும் ஒரு தம்பதிக்கும் நடக்கும் பேச்சாக இதைப் படியுங்கள்.

“அக்கா, போன தடவை மணி அடிச்சப்ப இவரு மிஷினைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தாரு.”

“தட்டினா என்ன ஆகும் தம்பி? மிஷின்ல ஆரம்பிக்காதீங்க, அப்பா கழுத்துல ஆரம்பிங்க. இழுபடறது அங்கதான். அவரைத் திருப்பிப் படுக்க வெச்சிருப்பீங்க, துடைச்சிருப்பீங்க, சளி எடுத்திருப்பீங்க. கடைசியா எதைத் தொட்டோம்னு நினைச்சுப் பாருங்க. பாதி நேரம் ஓட்டை அங்கேயே கிடைச்சிடும்.”

“என்னங்க, நேத்து சளி எடுத்துட்டு அந்த மூடியைப் போட்டீங்களா?”

“போட்ட ஞாபகந்தான்…”

“அந்த ஞாபகம் போதாது. போய்க் கையால தொட்டுப் பாருங்க.”

கழுத்திலிருந்து கருவி வரை கையால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். தொண்டை டியூபும் குழாயும் சேரும் இடத்தைக் கொஞ்சம் அழுத்தி, ஒரு சுற்றுத் திருகிவிட வேண்டும். வெறுமனே சொருகினால் கழலும். திருகிச் சொருகினால் நிற்கும். அடுத்தது சளி உறிஞ்சும் துளையின் மூடி. அடுத்து வடிகட்டி, அதன் இரண்டு பக்கமும் பாருங்கள். மருந்துப் புகை கொடுக்கச் சொருகிய துண்டை எடுத்த பிறகு அந்த இடம் திறந்தே இருக்கிறதா? குழாயில் தேங்கும் தண்ணீரைப் பிடிக்கும் கிண்ணம் இருந்தால், அதைக் கொட்டிவிட்டு மரையில் சரியாகத் திருகாமல் விடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில், தண்ணீர் ஊற்றும் வாயின் மூடியையும் பாருங்கள். கடைசியாகக் கருவியில் குழாய் சேரும் இடம்.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் மணி நிற்கவில்லையா? குழாயிலேயே கீறல் இருக்கலாம். கட்டில் சக்கரம் ஏறியிருக்கும், மடிப்பில் வெடித்திருக்கும், எலி கடித்திருக்கும். நம் வீடுகளில் எலியை மறக்கக் கூடாது. ஈரக் கையின் புறங்கையைக் குழாய் ஓரமாக நகர்த்திப் பார்த்தால் காற்று ஜில்லென்று படும். கம்பெனியில் லீக் பார்க்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே அதைச் செய்ய வேண்டாம். கீறல் வழியாக அது உள்ளே போகலாம், கரண்ட் கருவியும் பக்கத்தில் இருக்கிறது. கீறல் கண்டால் பிளாஸ்திரி சுற்றி நாலு நாள் ஓட்டப் பார்க்காதீர்கள். ஒருவர் பை அழுத்த, மற்றவர் மாற்றுக் குழாய் பூட்ட வேண்டும். ஆகவே வீட்டில் எப்போதும் ஒரு முழு மாற்றுக் குழாய் இருக்க வேண்டும்.

சில குழாய்களில், விட்ட மூச்சு வெளியேற ஒரு சிறு வால்வு இருக்கும். அதற்குள் மெல்லிய ரப்பர் தட்டு. கழுவித் திரும்பப் பூட்டும்போது அது கோணலாக உட்கார்ந்தால் கசியும். கழுவிய அன்றைக்கு மணி அடித்தால் சந்தேகம் முதலில் அதன் மேல் போகட்டும்.

இனித் தொண்டைக்குள். டியூபைச் சுற்றி உள்ளே ஒரு வளையப் பை ஊதப்பட்டிருக்கும். அது எப்படி இருக்கிறது என்று காட்டத்தான் வெளியே ஒரு குட்டி பலூன் தொங்குகிறது. விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தொய்ந்திருந்தால் உள்ளேயும் தொய்ந்திருக்கிறது. இன்னொரு அடையாளம்: இத்தனை நாள் சத்தமே வராதவர், கருவி காற்றுத் தள்ளும்போது வாய்வழியாக ‘கொளகொள’வென்று சத்தம் போடுவார், அல்லது திடீரென்று குரல் வரும். ‘அப்பா பேசறாரு!’ என்று சந்தோஷப்படத் தோன்றும். காற்று நுரையீரலுக்குப் போகாமல் குரல்வளை வழியாக மேலே கசிகிறது என்று அர்த்தம்.

உங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தால் மட்டும், சொன்ன அளவு காற்றைச் சிரிஞ்சால் ஏற்றலாம். உள்ளே இருக்க வேண்டிய அழுத்தம் பொதுவாக 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் உயரம். அதை அளக்கத் தனி மீட்டர் உண்டு. ‘இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்கட்டும்’ என்று கண்மூடித்தனமாக ஏற்றினால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இரத்த ஓட்டம் நின்று புண்ணாகிவிடும். ஏற்ற ஏற்றத் தொய்ந்துகொண்டே இருந்தால் பை கிழிந்திருக்கிறது. டியூபையே மாற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிலருக்கு வளையப் பையே இல்லாத டியூபும் போடுவார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கசிவு இருப்பது முறைதான். உங்கள் வீட்டில் எது என்று கேட்டு வையுங்கள்.

டியூபே கழுத்திலிருந்து வெளியே வந்துவிட்டால்? என்ன செய்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தொண்டை ஆபரேஷன் எதற்காகச் செய்தார்கள், துளை எத்தனை நாள் பழையது என்பதைப் பொறுத்தது. வீட்டுக்குக் கிளம்பும் முன் டாக்டரிடம் இதை எழுதி வாங்காமல் வராதீர்கள். பேச்சாகக் கேட்டால் இரவு 2 மணிக்கு ஞாபகம் வராது.

மாஸ்க் வைப்பவர்களுக்கு

தொண்டையில் துளை இல்லாமல் மூக்கிலோ முகத்திலோ மாஸ்க் கட்டிக்கொண்டு கருவியில் மூச்சு விடுபவர்கள் இன்னும் அதிகம். இவர்களுக்குக் கசிவு பெரும்பாலும் மாஸ்கின் ஓரத்தில்தான். பல் செட்டைக் கழற்றினால் கன்னம் ஒடுங்கிக் காற்று கசியும். தாடி, முகத்தில் எண்ணெய், நழுவிய பட்டை இவையும் காரணம். மூக்கு மாஸ்க் மட்டும் போட்டவர் வாயைத் திறந்து தூங்கினால் உள்ளே போன காற்று வாய் வழியாகப் போய்விடும். மாஸ்க் மேல்பக்கம் கசிந்தால் கண்ணில் காற்றடித்து, காலையில் கண் சிவந்திருக்கும்.

கசிகிறதே என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போகக் கூடாது. மூக்குத் தண்டில் புண் வரும். சில மாஸ்க் இறுக்கினால் கோணிப்போய் இன்னும் அதிகமாகக் கசியும். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டையைத் தளர்த்தி, அவரைப் படுக்க வைத்து, கருவி ஓடும்போதே மாஸ்கை லேசாகத் தூக்கி, காற்று நிரம்பி உட்காரவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். கருவி போடும் நேரத்துக்கு முன்பு முகத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடையுங்கள். மாஸ்க் போட்டிருக்கும்போது கஞ்சியோ காப்பியோ கொடுக்கவே கூடாது. வாந்தி வந்தால் முதலில் மாஸ்கைக் கழற்றுங்கள்.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். ஒற்றைக் குழாய்க் கருவியின் மாஸ்கிலோ, மாஸ்குக்குப் பக்கத்திலோ சிறு சிறு துளைகள் இருக்கும். அதன் வழியாக எந்நேரமும் ‘புஸ்’ஸென்று காற்று வந்துகொண்டே இருக்கும். அது பழுதல்ல. விட்ட மூச்சில் இருக்கும் கரியமில வாயு வெளியேற வைத்த வழி. கருவிக்கு அந்தத் துளை தெரியும், அதையும் கணக்கில் வைத்துத்தான் ஓடுகிறது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாமியாருக்கு இந்த மாஸ்க். மணி அடிக்கிறது. மகன் தடவிப் பார்க்கிறான், துளையில் காற்று வருகிறது. ‘ஓட்டை கிடைச்சிடுச்சு’ என்று பிளாஸ்திரி ஒட்டுகிறான். கசிவு குறைந்து மணி நிற்கிறது. வீடே நிம்மதியாகத் தூங்குகிறது. அந்த அம்மாள் தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கிறார். முதலில் தலைவலி, பிறகு உளறல், பிறகு எழுப்பினாலும் எழாத மயக்கம். பிராணவாயுவும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் ஆக்ஸிமீட்டரில் எண் நன்றாகவே இருக்கும். அது கரியமில வாயுவை அளப்பதில்லை. ஆகவே மாஸ்க் போட்டவர் வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி வழிந்தால், எண் எவ்வளவு காட்டினாலும் நம்பாதீர்கள். துளைகளைப் பாருங்கள், எழுப்பிப் பாருங்கள், எழாவிட்டால் 108.

மாஸ்க் கிழிந்து புதிது வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். துளை உள்ளது, துளை இல்லாதது என்று இரண்டு வகை உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கருவி தந்தவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

கசிவும் நெருப்பும்

கருவியோடு பிராணவாயு சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ இணைந்திருந்தால் கசிவது வெறும் காற்றல்ல. பிராணவாயு தானாக எரியாது. ஆனால் படுக்கை விரிப்பிலும் தலையணையிலும் அது ஊறியிருந்தால் ஒரு பொறி போதும், குபீரென்று பிடிக்கும். அந்த அறையில் பீடி, குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் கூடாது. சாமி விளக்கை வேறு அறைக்கு மாற்றுங்கள். இணைப்புகளில் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது

வார்டில் மணி அடித்தால் நீங்கள் எதையும் தொட வேண்டாம். நர்ஸைக் கூப்பிடுங்கள். ‘அடிக்கடி அடிக்குது, அவங்களுக்குத் தெரியாதா’ என்று சும்மா இருக்காதீர்கள். நெஞ்சில் குழாய் போட்டுத் தண்ணீர்ப் பாட்டிலில் விட்டிருந்தால், அந்தப் பாட்டிலை நெஞ்சுக்கு மேலே தூக்கவோ, குழாயை மடிக்கவோ கூடாது. அதில் குமிழி வருவது நுரையீரலிலிருந்து கசிந்த காற்று வெளியேறும் வழி.

குறைமாதக் குழந்தைக்கு மூக்கில் சிறு குழாய் வைத்து, மறுமுனையைத் தண்ணீருக்குள் விட்டிருப்பார்கள். குழாய் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் குழந்தையின் நுரையீரலுக்குக் கிடைக்கும். இதில் மணி இல்லை, குமிழிதான் மணி. கொதிக்கிற உலை போலக் குமிழி வந்துகொண்டிருந்தால் சரி. நின்றுவிட்டால் காற்று எங்கோ போகிறது: மூக்குக் குழாய் நழுவியிருக்கும், குழந்தை வாயைத் திறந்திருக்கும், எங்காவது கழன்றிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயின் கண்ணுக்கு இது முதலில் படும். உடனே, “சிஸ்டர், குமிழி நின்னுடுச்சு” என்று சொல்ல வேண்டும். யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

பை அழுத்துவது எப்படி?

பை தானாக விரிந்துகொள்ளும் வகை. 1956-இல் டென்மார்க்கிலேயே ரூபன் என்ற டாக்டர் முயற்சியில் ஆம்பு என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வளர்ந்தவருக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒரு தடவை, ஒரு விநாடி நேரம் நிதானமாக அழுத்த வேண்டும். நெஞ்சு ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், பை முழுவதையும் பிழிய வேண்டாம். குழந்தைகளுக்கு இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தடவை, சிறிய பையால். பதற்றத்தில் எல்லோரும் வேகமாக அழுத்திவிடுகிறார்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்துங்கள்.

தொண்டை டியூப் இருந்தால் ஒருவரே சமாளிக்கலாம். மாஸ்க் வைத்து அழுத்துவதானால் இருவர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் தாடையைத் தூக்கி மாஸ்கை முகத்தோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் பையை அழுத்த வேண்டும். ஒற்றைக் கையால் மாஸ்கைப் பிடித்தால் பழகாதவர்களுக்கு ஓரத்தில் கசிந்துவிடும். இதில் கணவன் மனைவி இருவருக்கும் இரண்டு வேலையும் தெரிந்திருக்க வேண்டும். ‘அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்’ என்பது அவர் ஷிப்டில் இருக்கும்போது உதவாது.

பையிலும் கசிவு உண்டு. வாரம் ஒரு முறை அதன் வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்திப் பாருங்கள். கல் போல எதிர்த்து நின்றால் நல்லது. சுலபமாக அமுங்கிப்போனால் எங்கோ கசிகிறது. குழந்தைகள் பையில் அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வு இருக்கும். அதில் கொஞ்சம் காற்று வருவது சகஜம்.

வீட்டுக்கு அழைத்து வரும் முன்

ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என்று எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, அரசாங்கமோ தனியாரோ, கருவியோடு அனுப்பும் முன் இருவரும் வார்டிலேயே நர்ஸம்மா முன்னால் எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு வாருங்கள். குழாயைக் கழற்றிப் பூட்டுவது, சளி எடுப்பது, பை அழுத்துவது, குட்டி பலூனைப் பார்ப்பது எல்லாம். ஆண்பிள்ளை பில் கட்டப் போய்விட, மனைவி மட்டும் கற்றுக்கொண்டு வருவது பல குடும்பங்களில் நடக்கிறது. அது சரியல்ல. மாமியாரோ, வளர்ந்த பிள்ளையோ, மூன்றாவது ஒருவருக்கும் பை அழுத்தத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் கம்பெனி, 2020 ஏப்ரலில் கொரோனா சமயத்தில், ஏர் லிக்விட் மெடிக்கல் சிஸ்டம்ஸோடு சேர்ந்து வெண்டிலேட்டர் தயாரித்துத் தருவதாக அறிவித்தது. இந்தக் கருவி ஒன்றும் நம் கைக்கு அப்பாற்பட்டதல்ல. கம்பெனியில் லைன் ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் டிக் போடுவீர்களே, அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். தினமும் இரவு படுக்கும் முன்: இணைப்புகள் திருகியிருக்கின்றனவா, மூடிகள் உள்ளனவா, பேட்டரி ஏறியிருக்கிறதா, மாற்றுக் குழாய், மாற்று டியூப், பை, டார்ச் லைட், போன் நம்பர் எழுதிய தாள் தலைமாட்டில் உள்ளனவா?

வீட்டுக்காரருக்கு லீவு உள்ள ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், ஒத்திகை பாருங்கள். கொஞ்ச நேரமாவது கருவி இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அவருக்குக் கருவி போடாத நேரத்தில் குழாயை வேண்டுமென்றே ஒரு இடத்தில் தளர்த்தி, மணி அடிக்கவிட்டு, மனைவி எத்தனை நேரத்தில் கண்டுபிடிக்கிறாள் என்று பாருங்கள். பிறகு மனைவி தளர்த்த, கணவன் தேட வேண்டும். ஒரு நிமிஷமும் கருவி இல்லாமல் இருக்க முடியாதவர் என்றால் இந்த ஒத்திகையை வீட்டில் செய்யாதீர்கள்; ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே கேட்டுச் செய்யுங்கள்.